தோற்றவன் ஏறும் மேடு

பேஸ்பால் ஆட்டத்தில் சார்லி பிரவுன் பந்து வீசுகிறான். எதிரணிப் பையன் அடித்த அடி நேராக அவனை நோக்கியே திரும்பி வருகிறது. அடுத்த கட்டத்தில் அவன் தலைகீழாக அந்தரத்தில். தொப்பி ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், காலணியும் காலுறையும் வேறு பக்கம். அப்புறம் பார்த்தால், உட்கார்ந்து காலுறையை மாட்டிக்கொண்டிருக்கிறான். ‘பீநட்ஸ்’ சித்திரத் தொடரில் சார்ல்ஸ் ஷுல்ஸ் இதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். எனக்கு ஒருமுறைகூட அலுத்ததில்லை. துணிமணி பறப்பது சிரிப்பு. காலுறை மாட்டுவதுதான் கலை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் முடிதிருத்துபவரின் மகனாக வளர்ந்தவர் ஷுல்ஸ். சிறு வயதில் தெருப் பையன்களோடு பேஸ்பால் ஆடி, ஒரு ஆட்டத்தில் 40-0 என்று தோற்றதைப் பெரியவரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். 1950 அக்டோபர் முதல் 2000 பிப்ரவரி வரை வெளிவந்த 17,897 சித்திரங்களையும் உதவியாளர் இல்லாமல் தன் கையாலேயே வரைந்தார்.

பேஸ்பாலில் பந்து வீசுபவன் நிற்கும் இடம் சற்றே உயர்ந்த மண்மேடு. ஷுல்ஸ் அதைச் சின்ன வளைகோடாகப் போட்டுவிடுவார். அந்தக் கோட்டின்மேல் நிற்பவன் எல்லார் கண்ணிலும் படுவான்; ஒளிய இடமில்லை. மழை பிடித்துக்கொள்கிறது, கட்டம் முழுக்கப் பேனாக் கீறல்கள். மற்றவர்கள் வீட்டுக்கு ஓடிவிட, சார்லி பிரவுன் மட்டும் மேட்டில் நிற்கிறான். பந்தைக் கோட்டைவிட்ட அவன் அணிக்காரி லூசி புதுப்புதுச் சாக்கோடு வருகிறாள். திட்டுவான், புலம்புவான். அவன் ஆட முடியாத நாளில் அணி ஜெயித்துவிடுவதும் உண்டு. அதையும் விழுங்கிக்கொண்டு மறுபடி மேடேறுகிறான்.

ஷுல்ஸின் நுட்பத்துக்கு 1962 டிசம்பர் 22 அன்று வந்த சித்திரம் ஒன்று போதும். அந்த அக்டோபரில் அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் 1-0 என முன்னணி; கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், இருவர் ஆட்டமிழந்த நிலையில், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் வில்லி மெக்கோவி ஓங்கி அடித்த பந்து யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சன் கையில் போய் விழுந்தது; ஜயன்ட்ஸ் தோற்றது. ஷுல்ஸ் ஜயன்ட்ஸ் ரசிகர். இரண்டு மாதம் கழித்து வரைந்தார்: மூன்று கட்டங்களில் சார்லி பிரவுனும் அவன் நண்பன் லைனஸும் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவதில், மெக்கோவி அந்தப் பந்தை இன்னும் மூன்றடி உயரமாக அடித்திருக்கக் கூடாதா என்று சார்லி பிரவுன் அலறுகிறான். ஷுல்ஸ் எதையும் விளக்கவில்லை, ஆறுதலும் கூறவில்லை. துக்கத்துக்கு உரிய நேரத்தை அந்த மூன்று கட்டங்களும் கொடுத்துவிடுகின்றன.

தோற்கத் தெரிவது என்றால் வலிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்வது என்று நினைக்கிறோம். சார்லி பிரவுன் வாய்விட்டு அழுகிறான், தூக்கம் இழக்கிறான். மறுநாள் கையுறையோடு வந்து நிற்கிறான். அவன் ஹோம் ரன் அடித்து ஜெயிப்பது 1993 மார்ச்சில்தான். அதற்குள் வாசகர்களில் ஒரு தலைமுறையே வளர்ந்து பெரியதாகிவிட்டிருந்தது.

ஆட்டத்தில் தோற்று முகம் தொங்க வீடு திரும்பும் பிள்ளைக்கு உபதேசம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ‘பீநட்ஸ்’ தொகுப்பு ஒன்றைச் சேர்ந்து படியுங்கள்.