கேமராவுக்குப் பின்னால் ஒரு அம்மா

ழாக் பெரென், ழாக் க்ளூஸோ, மிஷெல் தெபா மூவரும் இயக்கி 2001இல் வெளிவந்த ‘விங்டு மைக்ரேஷன்’ படத்தை, வலசை போகும் பறவைகள் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது பரிந்துரைப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வேண்டிய படம்தான். அதில் வாத்துக் கூட்டத்தை நாம் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒரு இறக்கைத் தூரத்தில் கூடவே பறக்கிறோம். இறக்கை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் உடம்பு லேசாக ஏறி இறங்குவதுகூடத் தெரிகிறது. பறவைகளைப் படமாக்கியதில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் எதுவும் இல்லை என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த நெருக்கம் எப்படிக் கிடைத்தது? படத்தில் வரும் பறவைகளில் பல, முட்டைக்குள் இருக்கும்போதே மனிதக் குரலும் இயந்திரச் சத்தமும் கேட்டு, பொரிந்ததும் படக்குழுவையே தாயாக நம்பி வளர்ந்தவை. கொன்ராட் லோரன்ஸின் வாத்துக் குஞ்சுகள் அவர் பின்னாலேயே போனதே, அதே இம்ப்ரிண்டிங். குட்டி விமானத்தில் அம்மா போகிறாள், பிள்ளைகள் பக்கத்தில் பறக்கின்றன. எங்க வேலையில் இதுக்குப் பேரு டெமோ. எல்லாம் நிஜமாகவே ஓடும். டேட்டா மட்டும் நாம் போட்டு வைத்தது.

வளர்த்ததில் எனக்குப் புகார் இல்லை. மறைத்ததில்தான். படத்துக்குள் மனிதன் துப்பாக்கியோடு வருகிறான், தொழிற்சாலையாக வருகிறான். தாயாக மட்டும் வருவதேயில்லை. மனுஷன் கை வைக்காம இருந்தாலே போதும், வானம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தோடு நாம் எழுந்து போகிறோம்.

அதே 2001இன் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு குட்டி விமானம் பறந்தது. ஹூப்பிங் கிரேன் என்ற வெள்ளைப் பெருங்கொக்குகள் 1940களின் தொடக்கத்தில் சுமார் இருபதுதான் மிஞ்சியிருந்தன. இந்தக் கொக்குக் குஞ்சுக்கு வலசை வழியை மூத்த பறவைதான் காட்ட வேண்டும். புதிதாக உருவாக்கும் கூட்டத்தில் மூத்தவை ஏது? ஆபரேஷன் மைக்ரேஷன் அமைப்பின் விமானிகள் வெள்ளை அங்கி போட்டு, கையில் கொக்குத் தலைப் பொம்மை மாட்டி, குஞ்சுகள் காதில் ஒரு மனிதச் சொல்கூட விழாமல் பார்த்துக்கொண்டு, விஸ்கான்சினின் நெசீடாவிலிருந்து ஃப்ளோரிடா வரை சுமார் 1,900 கிலோமீட்டர் கூட்டிப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் அவை தாமாகவே வடக்கே திரும்பின. எனக்கு இன்றும் சிலிர்க்கும் செய்தி இது.

ஆனால் திரும்பியவை குஞ்சு வளர்ப்பதில் தடுமாறின. அடைகாக்கும் கொக்குகளைக் கருப்பு ஈக்கள் கூட்டிலிருந்து விரட்டின என்பது ஒரு காரணம். அங்கி வளர்த்த பறவைகளுக்குப் பெற்றோராக இருக்கத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் இன்னொன்று. அரசின் மீன், வனவுயிர்த் துறை 2016 ஜனவரியில் விமானத்தை நிறுத்தும் முடிவை அறிவித்தது. அதன்பின் குஞ்சுகளைக் காப்பிடத்தில் இருந்த கொக்குகளிடமே வளர்க்கக் கொடுத்தார்கள்.

இங்கே மனிதன் அங்கிக்குள் ஒளிந்தது பறவையிடமிருந்து. பெரென் ஒளித்தது நம்மிடமிருந்து. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் அந்த வாத்துகள் யாரைத் தேடியிருக்கும் என்ற கேள்விக்கு அவர் படத்தில் இடமே இல்லை. நடுவானில் ஒரு பறவையின் கண் நம் பக்கம் திரும்புகிறபோது, அது பார்ப்பது நம்மை இல்லை, கேமராவுக்குப் பின்னால் இருப்பவரை. அவரை ஒரே ஒரு ஷாட்டில் காட்டியிருக்கலாம்.