ஈராக் போர்: கணக்கில் வந்த செலவும் வராத கடனும்

ஒரு போருக்கு வரி செலுத்துவோரின் பணம் எவ்வளவு போகிறது? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் 2003இல் அமெரிக்கா தொடங்கிய ஈராக் போரை வைத்து விடை தேடினால், 5,000 கோடி டாலரில் தொடங்கி 3 லட்சம் கோடி டாலர் வரை வெவ்வேறு தொகைகள் முன்னே வருகின்றன. அறுபது மடங்கு வித்தியாசம். எந்தக் கணக்கு எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதை நம்பலாம் என்று சொல்ல முடியும்.

முதலில் போருக்கு முந்தைய மதிப்பீடுகள். 2002 செப்டம்பரில் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். டிசம்பரில் அவர் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த மாத இறுதியில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் சொன்ன தொகை 5,000 முதல் 6,000 கோடி. 2003 மார்ச்சில், படைகள் பாக்தாத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாள்களில், பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் இன்னும் ஒரு படி மேலே போனார். எண்ணெய் வளமுள்ள ஈராக் தன் மறுசீரமைப்புச் செலவைத் தானே ஏற்க முடியும் என்றார். 1991 வளைகுடாப் போரில் ஆன சுமார் 6,100 கோடி டாலரில் 5,400 கோடியை சவூதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் ஏற்றன. அந்த அனுபவம் இந்த மதிப்பீடுகளை நம்பவைத்திருக்கலாம். இம்முறை செலவைப் பங்கிட அப்படியொரு கூட்டணி இல்லை. இந்தத் தொகைகளைக் கணக்கு என்றே கொள்ள முடியாது. போருக்கு ஆதரவு திரட்டச் சொல்லப்பட்ட விலை அது.

இரண்டாவது, அரசு ஒதுக்கிய தொகை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2014 டிசம்பரில் கூட்டிச் சொன்னபடி, ஈராக் போருக்கு மட்டும் 81,500 கோடி டாலர். அவைகளில் வாக்கெடுத்து அனுமதித்த பணம் என்பதால் இதில் ஊகத்துக்கு அதிக இடமில்லை. எங்கே போனது என்று தணிக்கையாளர் தேடிப் போகவும் முடிந்தது. ஃபல்லூஜா நகரின் கழிவுநீர்த் திட்டம் 2004இல் 3.25 கோடி டாலருக்குத் தொடங்கியது. செலவு 10 கோடியைத் தாண்டிய பிறகும் நகரின் ஒரு பகுதிக்குத்தான் இணைப்பு கிடைத்தது. மறுசீரமைப்புக்குச் செலவிட்ட சுமார் 6,000 கோடி டாலரில் குறைந்தது 800 கோடி வீணானதாகச் சிறப்புத் தணிக்கை அதிகாரி ஸ்டூவர்ட் போவன் 2013இல் மதிப்பிட்டார். இப்படி ஆய்ந்து கேள்வி கேட்க இடம் தருவதே இந்தக் கணக்கின் பலம்.

இதே முறையில் பென்டகன் 2017இல் தலைக்கணக்கும் சொன்னது. 2001க்குப் பின் ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா போர்களுக்காக வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் ஆன செலவு ஏறத்தாழ 7,500 டாலர் என்றது. குறை இங்கேதான் வெளிப்படுகிறது. செலவை வரி செலுத்துவோர் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால், அவர்கள் அதைக் கட்டி முடித்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஆனால் அவர்கள் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் உச்ச வருமான வரி 94 சதவீதம் வரை போனது. வியட்நாம் போருக்காக 1968இல் ஜான்சன் அரசு வருமான வரிமேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஈராக் படையெடுப்பு தொடங்கி இரண்டே மாதத்தில், 2003 மே மாதம், புஷ் கையெழுத்திட்டதோ வரிக்குறைப்புச் சட்டத்தில். போர் கடனில் நடந்தது. அந்தக் கடனின் வட்டி பென்டகன் பட்டியலில் இல்லை.

முன்னாள் வீரர்களின் மருத்துவச் செலவும் ஊனத்தொகையும் அதில் இல்லை. இவை எவ்வளவு காலம் நீளும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர் ஒருவருடைய மகளுக்கு மாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தது. அது நின்றது 2020இல், அவர் இறந்தபோது. ஈராக்கில் முகாம் குப்பைகளை எரித்த குழிகளின் புகையால் நோயுற்றவர்களுக்கு உதவும் சட்டம் 2022இல்தான் வந்தது. அதன் பத்தாண்டுச் செலவு சுமார் 28,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். வியட்நாம் கால வீரர்களின் பங்கும் அதில் உண்டு என்பதால் முழுவதையும் ஈராக்கின் தலையில் ஏற்றக் கூடாது. ஆனாலும் ஈராக்கின் பங்கைச் சுழியம் என்று விட்டுவிட எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவது கணக்கு இந்த விடுபடல்களைக் குறிவைத்தது. நோபல் பரிசு பெற்ற ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஹார்வர்டின் லிண்டா பில்ம்ஸும் 2008இல் எழுதிய நூல், செலவை 3 லட்சம் கோடி டாலர் என்றது. வட்டியையும் வீரர் பராமரிப்பையும் முன்கூட்டியே கடனாக எழுத வேண்டும் என்ற அவர்கள் வாதத்தை மறுக்க முடியாது. தனியார் நிறுவனம் எதுவும் ஓய்வூதியப் பொறுப்பை மறைத்துக் கணக்குக் காட்ட முடியாதே. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் விலை உயர்வில் பீப்பாய்க்கு 5 முதல் 10 டாலர் வரை போரால் வந்தது என்று கொண்டு அதன் பாதிப்பையும் சேர்த்தார்கள். சீனாவின் தேவை பெருகிய காலத்தில் எந்த டாலர் போரால் ஏறியது என்று பிரிப்பது ஊகம். அது நாட்டின் பொருளாதார இழப்பாக இருக்கலாம், வரிப்பணம் அல்ல.

பிரௌன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுத் திட்டம் 2023இல் ஈராக், சிரியா இரண்டுக்கும் சேர்த்து அதுவரை ஆன செலவு 1.79 லட்சம் கோடி டாலர், 2050 வரையான வீரர் பராமரிப்பைச் சேர்த்தால் 2.89 லட்சம் கோடி என்றது. பென்டகனின் வழக்கமான பட்ஜெட்டில் போரால் ஏற்பட்ட உயர்வும் இதில் அடக்கம். அந்த உயர்வில் எவ்வளவு போரால் வந்தது என்று வாதிடலாம். ஆனால் எண்ணெய் விலையைப் போலன்றி, இது கருவூலத்திலிருந்து போன பணம்.

ஆகவே என் முடிவு இது. 81,500 கோடி என்பது அடித்தளம்தான், விடை ஆகாது. அரசு ஏற்றுவிட்ட வட்டியும் வீரர் பராமரிப்பும் சேரும்போது, சர்ச்சைக்குரிய இனங்களைக் கழித்தாலும், வரி செலுத்துவோரின் சுமை அதைப்போல் இருமடங்குக்குக் குறையாது. ஈராக்கியர் இழந்த உயிரும் வீடும் இந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. அது தனிக் கணக்கு, இதைவிடப் பெரிய கணக்கு.

கடன் வாங்கிப் போர் நடத்துவது புதிதல்ல, உலகப் போரிலும் கடன் வாங்கினார்களே என்று கேட்கலாம். அப்போது கடனோடு வரியும் ஏறியது, மக்களுக்கு விலை தெரிந்தது. 2009இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஓபே ஆப்கன் போருக்குத் தனி வரி கோரும் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அந்த யோசனை சரியானது. போருக்கு வாக்களிக்கும் அவை, அதற்கான வரிக்கும் வீரர் பராமரிப்பு நிதிக்கும் அதே அமர்வில் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கைப் போடத் துணியாத உறுப்பினருக்கு, அன்று வாக்குரிமைகூட இல்லாத தலைமுறையின் பெயரில் போர் தொடங்கும் உரிமை கிடையாது.