தேர்வு பயத்தைப் போக்கப் பத்து வழிகள்: ஒரு விமர்சனக் குறிப்பு

பிப்ரவரி வந்தால் வேப்பம்பூ பூக்கிறதுக்கு முன்னாடியே பூத்துவிடும் ஒரு கட்டுரை இருக்கிறது. நாளிதழ் இணைப்பில் வரும், வார இதழில் வரும், பள்ளி ஆண்டு மலரில் வரும், இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவும் வருகிறது. "மாணவச் செல்வங்களே!" என்று ஆரம்பிக்கும். பதற்றம் வேண்டாம், மூச்சை ஆழமாக இழுத்து விடு, தண்ணீர் குடி, எட்டு மணி நேரம் தூங்கு, வல்லாரைக் கீரை சாப்பிடு, இரண்டு பேனா எடுத்துப் போ, தெரிந்த கேள்வியை முதலில் எழுது. கடைசியில் ஒரு தன்னம்பிக்கை வாசகம், வெற்றி உனதே.

இந்த வகைக் கட்டுரைகளைச் சில வருடமாகக் கத்தரித்து ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். கவிதை, நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகள் பயந்துபோய்ப் படிக்கிற இந்த எழுத்தை யாரும் விமர்சிப்பதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு. கிண்டல் செய்வது நோக்கமில்லை. நானே இப்படி ஒரு கட்டுரை எழுதியவன். அதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியில் பேசவும் போனவன்.

அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். பிளஸ் டூ பிள்ளைகள், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். நாலு எண்ணும்வரை மூச்சை இழு, நாலு எண்ணி விடு என்று எல்லோரையும் செய்ய வைத்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், மூச்சு விட்டாச்சு. அப்புறமும் ஆன்சர் வரலைன்னா என்ன சார் பண்றது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "நம்பிக்கையோட இரும்மா, வரும்" என்று ஏதோ சொல்லி முடித்தேன். அவள் சிரிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். என் பத்து வழிகளில் அதற்குப் பதில் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தால், இந்தக் கட்டுரை வகைக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருப்பது தெரிகிறது. மாணவனுக்குப் பாடம் தெரியும், பயம் வந்து மறைக்கிறது, பயத்தை எடுத்துவிட்டால் பதில் வெளியே வந்துவிடும் என்பதே அது. சிலருக்கு அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு சாத்தியமும் உண்டு. பாடம் நன்றாகப் பதியவில்லை, அது உள்ளுக்குள் தெரிகிறது, அதனால் பயம் வருகிறது. தேர்வுப் பதற்றம் பற்றிய ஆய்வுகளில் 1980-களிலேயே இந்த இரண்டையும் பிரித்து விவாதித்திருக்கிறார்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குப் படிக்கும் முறையிலேயே கோளாறு இருந்தது. இவர்களிடம் போய் "பயப்படாதே" என்பது, காய்ச்சல்காரனிடம் தெர்மாமீட்டரைப் பார்க்காதே என்று சொல்வது மாதிரி.

இன்னொரு பிரிவினையும் முக்கியம். 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற இருவர் தேர்வுப் பதற்றத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று உடம்பு: நெஞ்சு படபடப்பு, கை வேர்ப்பது, வயிற்றைக் கலக்குவது. இன்னொன்று கவலை: "ஃபெயில் ஆயிட்டா என்ன ஆகும்", "அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்" என்று மனசுக்குள் ஓடும் பேச்சு. மதிப்பெண்ணைக் கூடுதலாகப் பாதிப்பது இரண்டாவதுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இப்போது என் ஃபைலைப் புரட்டுங்கள். மூச்சு, தண்ணீர், கீரை, நடைப்பயிற்சி என்று முக்கால்வாசி உடம்புக்கானவை. கவலைக்கு இருப்பது ஒரே வரி: "எதிர்மறை எண்ணங்களைத் தவிர்க்கவும்." எப்படித் தவிர்ப்பது? அதுதான் தெரியவில்லையே!

சரி, ஆய்வு ஏதாவது சொல்கிறதா? கொஞ்சம் சொல்கிறது, அதையும் பார்த்துத்தான் எடுக்கணும். 2011-இல் சயின்ஸ் இதழில் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தன் கவலைகளைத் தாளில் கொட்டி எழுதினால் மதிப்பெண் உயர்கிறது என்றது அது. உலகமெல்லாம் பரவியது. என் கட்டுரையிலும் அதைச் சேர்த்திருந்தேன், பெருமையாக. 2018-இல் ஒரு பெரிய குழு, நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. 13 தேறின. இந்த எழுதிக் கொட்டும் ஆய்வு தேறவில்லை. முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நான் எழுதின மாதிரி "நிரூபிக்கப்பட்டது" என்று சொல்லியிருக்கக் கூடாது.

அதே 21-இல் தேறிய ஒன்று உண்டு. அதுவும் 2011, அதுவும் சயின்ஸ். கார்பிக்கி, பிளண்ட் என்ற இருவர் எழுதியது. படித்ததைப் புத்தகம் மூடி நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்க்கிறவர்கள், பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் போடுகிறவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்பது அதன் சாரம். இதற்கும் முன்னால், 2006-இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஒரு குழு ஒரு பத்தியை நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் கவனிக்க வேண்டியது: எனக்கு இது நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நாலு தடவை படித்தவர்கள்தான்.

இந்த இடத்தில் வகுப்பறைத் தொழில்நுட்பத்துக்கு வரணும், ஏனென்றால் பயக் கட்டுரையும் இதுவும் ஒரே கதையின் இரண்டு பக்கம். தமிழ்நாட்டில் 2018-லிருந்து புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு வந்தது, ஸ்கேன் செய்தால் காணொளி. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு. இதெல்லாம் நல்லதே. பெருந்தொற்று நாட்களில் வேறு வழியே இல்லாமல் இருந்தபோது ஒரு டிவி பெட்டியாவது கைகொடுத்தது. ஆனால் இவை எல்லாமே பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்கின்றன: காட்டுகின்றன. பிள்ளை பார்க்கிறது. பார்க்கும்போது புரிகிறது. புரிவது தெரிவது மாதிரியே இருக்கிறது.

என் அக்கா மகள் போன வருடம் பிளஸ் டூ. ஃபோனில் ஒரே மூச்சில் முழுப் பாடத்தையும் நடத்துகிற காணொளிகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு ராத்திரி பதினொரு மணிவரை பார்ப்பாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து வந்து அழுதாள். "வீடியோ பாக்கறப்ப எல்லாம் புரியுது மாமா. ஹால்ல வெள்ளை பேப்பரைப் பாத்தா ஒண்ணுமே வர மாட்டேங்குது. எனக்கு எக்ஸாம் பயம் ரொம்ப ஜாஸ்தி."

அவள் சொன்ன முதல் இரண்டு வாக்கியமும் சரியான கண்டுபிடிப்பு. மூன்றாவது, அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்த முடிவு. பத்து வழிக் கட்டுரைகள் கற்றுக்கொடுத்த முடிவு. வெள்ளைத் தாளின் முன்னால் அவள் உட்கார்ந்ததே தேர்வு அறையில்தான், அதற்கு முன்னால் உட்காரவே இல்லை. இதற்குப் பயம் என்று பேர் வைத்தால், குறை அவள் மனசில் இருக்கிறது என்றாகிவிடும். பயிற்சியில் என்று சொன்னால், சரிசெய்யலாம்.

இந்த எழுத்து வகையின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இன்னொன்று. இது தோல்வியைப் பற்றிப் பேசவே பேசாது. என் ஃபைலில் ஒன்றுகூடச் சொல்லவில்லை: ஃபெயில் ஆனால் அதே வருடம் துணைத்தேர்வு எழுதலாம், தேறினால் கல்லூரியிலும் சேரலாம், விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டலுக்குப் போடலாம். நாலே வரித் தகவல். "அபசகுனமா எழுதாதீங்க சார்" என்று என் கட்டுரையிலிருந்து இதை வெட்டியவர்கள் உண்டு. நானும் சரி என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில் நாம் என்ன செய்தி படிக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். கவலை என்பது "அப்புறம் என்ன ஆகும்" என்ற கேள்வி. அதற்கு நேரான பதில், அப்புறம் இது ஆகும் என்று சொல்வது. "வெற்றி உனதே" என்பது பதில் இல்லை, கேள்வியைப் பூட்டி வைப்பது.

அதே மாதிரி, தேர்வு எப்போதும் மழை, வெயில் மாதிரி இயற்கையாகவே வந்து நிற்கும். அதை யாரோ வடிவமைக்கிறார்கள், மாற்றவும் முடியும் என்ற எண்ணமே அங்கே இருக்காது. மாற்றியிருக்கிறார்கள். 2017-இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வில் மாநில ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்தியது. அடுத்து பிளஸ் டூவின் 1200 மதிப்பெண் 600 ஆனது. கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கவே தனியாக 10 நிமிடம் கொடுக்கிறார்கள். எந்த மூச்சுப் பயிற்சியையும்விட அந்த 10 நிமிடம் நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். பெற்றோருக்கு அறிவுரையாக "பிற பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள்" என்று போடுகிற பத்திரிகையிலேயே, ரிசல்ட் அன்றைக்குப் பள்ளிகளின் விளம்பரத்தில் பிள்ளைகளின் படமும் மதிப்பெண்ணும் வரிசைகட்டி நிற்கும்.

நியாயமாகவும் பேசணும். தூக்கத்தைப் பற்றி இந்தக் கட்டுரைகள் சொல்வது சரி, ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படித்துவிட்டுப் போவது நினைவுக்குக் கெடுதல்தான். ஹால் டிக்கெட்டை முதல் நாளே எடுத்து வை என்பதும் சரி. மூச்சுப் பயிற்சி நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கும், அந்த அளவுக்கு நல்லது. பயத்தில் சாப்பாடே இறங்காத, தூக்கமே வராத பிள்ளைக்கு இதெல்லாம் போதாது. அவர்களிடம் பேச 104, 14417 என்று உதவி எண்கள் இருக்கின்றன. என் புகார் இவை பொய் என்பதல்ல. இவை தேர்வு நாள் காலையில் தொடங்குகின்றன என்பதுதான். அந்தப் பெண் கேட்டது அதற்கு மூன்று மாதம் முந்தைய கேள்வி.

அக்கா மகளோடு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. காணொளியைப் பத்து நிமிடத்தில் நிறுத்தணும். ஃபோனைக் கவிழ்த்து வைக்கணும். பழைய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நினைவில் இருப்பதை எழுதணும். முதல் நாள் மூன்று வரி எழுதினாள், ஆத்திரத்தில் தாளைக் கசக்கிப் போட்டாள். "இதுக்குப் படிக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள். அந்த எரிச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கணும், நான் சொல்லவில்லை. இப்படிப் படிப்பது நன்றாகப் படிக்கிற மாதிரியே தோன்றாது. அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாலைந்து நாள் கழித்து அரைப் பக்கம் வந்தது. மார்ச்சில் பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இருக்கு மாமா. ஆனா எது தெரியாதுன்னு எனக்கே தெரியுது" என்றாள். முன்னால் எல்லாமே தெரியாத மாதிரி இருந்ததாம், இப்போது இரண்டு பாடம்தான் பயமாம்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் போர்டு இருக்கிற வகுப்பில் பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் அதை அணைத்து வையுங்கள். ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், வாங்கிக்கூடப் பார்க்காதீர்கள். தேர்வு அறைக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு அந்தத் தாள் பழகட்டும்.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்நேரம் கல்லூரி முடித்திருப்பாள். "ஆன்சர் வரலைன்னா என்ன சார் பண்றது?" என்று இன்றைக்குக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: ஹாலில் வரலைன்னா அடுத்த கேள்விக்குப் போம்மா, கடைசியில திரும்பி வா, அப்பவும் வரலைன்னா தெரிஞ்ச வரைக்கும் எழுது, அதுக்கும் மார்க் உண்டு. ஆனா வருமா வராதான்னு இன்னிக்கே, வீட்டிலேயே, புத்தகத்தை மூடி வெச்சுப் பாத்துடு. வரலைன்னா நல்லது, இன்னும் நாள் இருக்கு.