வறண்ட ஊர்க்காரர்களின் படகுப் பதக்கங்கள்

ஆசிய விளையாட்டில் துடுப்புப் படகுப் போட்டியின் (ரோயிங்) முதல் தங்கத்தை இந்தியாவுக்கு வாங்கித் தந்தவர் பஜ்ரங் லால் தக்கர். 2010, குவாங்சோ, ஒற்றையர் ஸ்கல்ஸ். அவர் ஊர் ராஜஸ்தானின் சிகர் மாவட்டத்தில், மணல் காட்டோரம். எட்டு ஆண்டு கழித்து இந்தோனேசியாவின் பாலெம்பாங்கில் நால்வர் படகில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் தத்து போகனல். நாசிக் பக்கம் மழை பொய்க்கும் கிராமம் அவருடையது. அப்பா கிணறு வெட்டும் தொழிலாளி. பையனும் கூடவே மண் அள்ளியவர். பாலெம்பாங்கில் உடம்பு முடியாமல் தனிநபர் இறுதிப் போட்டியில் கடைசியாக வந்தார் போகனல். மறுநாளே ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு சேர்ந்து தங்கம் வென்றார்.

இந்த இரண்டு பேரையும் மதுரைப் பக்கத்து நாகமலை புதுக்கோட்டையில் உட்கார்ந்து யோசிக்கக் காரணம் இருக்கிறது. இங்கே கபடி என்றாலும் கைப்பந்து என்றாலும் பேச ஆள் உண்டு. ரோயிங் என்று ஆரம்பித்தால் ஒரே பதில்தான்: "வைகையில தண்ணி எங்க இருக்கு?" கேள்வி நியாயமானது. ஆனால் இந்தியாவுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்த பிறகு, அதை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்த மண்ணுக்கு நீர் விளையாட்டு புதிதுமல்ல. பரிபாடலில் நமக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் 22 பாடல்களில் எட்டு வையையை, அதாவது வைகையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்ததும் மதுரை மொத்தமும் கரைக்கு ஓடியதையும், புணை ஏறி ஆடியதையும், நீரைப் பீச்சி விளையாடியதையும் அவை சொல்கின்றன. இன்றைக்கும் தைப்பூசத்தன்று வண்டியூர் தெப்பக்குளத்தில் தெப்பத்தை வடம்பிடித்து இழுக்கிறோம். குளம் காய்ந்த ஆண்டுகளில் அது நிலைத்தெப்பமாக நின்றதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் போட்டியாக ரோயிங்கை உலகத்தில் வளர்த்தவை பல்கலைக்கழகங்கள். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் 1829-இல் ஹென்லியில் முதன்முதலாகப் படகு விட்டுப் பார்த்தன. 1852-இல் ஹார்வர்டும் யேலும் மோதியதுதான் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி. கால்பந்தும் கூடைப்பந்தும் அதற்குப் பின்னால் வந்தவை. பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கல்லூரிகள் ஒரு வழக்கத்தை உண்டாக்கின: ஒவ்வொரு ஆண்டும் துடுப்பையே தொட்டறியாத புது மாணவர்களைச் சேர்ப்பது, ஆறு மாதத்தில் அவர்களைப் படகில் ஏற்றுவது, மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும், அணி தொடரும்.

இந்த விளையாட்டின் உடற்கூறு அந்த வழக்கத்துக்கு ஒத்துழைக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸை ஐந்து வயதில் தொடங்காவிட்டால் தாமதம். நீச்சலிலும் பத்து வயதுக்குள் அடித்தளம் விழுந்துவிட வேண்டும். ரோயிங்கில் 18, 20 வயதில் தொடங்கியவர் ஒலிம்பிக் வரை போக முடியும். 2000 மீட்டர் பந்தயம் ஆறேழு நிமிடம் நீடிக்கும். அதில் செலவாகும் சக்தியில் முக்கால் பங்குக்குமேல் மூச்சுக்காற்றின் துணையோடு வருவது. பார்ப்பவர்கள் கையால் இழுப்பதாக நினைப்பார்கள். பெரும் உந்துதல் காலிலிருந்து வருகிறது. உயரமும் நீண்ட கைகளும் உறுதியான தொடைகளும் பெரிய நுரையீரலும் இருந்தால், நுட்பத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 1991-இல் பிறந்த போகனல் 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2016 ரியோவில் உலகத்தில் 13-ஆவது. நான்கே ஆண்டு!

அதாவது, கல்லூரி வயதுதான் இதற்குச் சரியான வயது. இந்தியாவில் அந்த வயதைப் பிடித்துக்கொண்டது ராணுவம். புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்திலுள்ள ஆர்மி ரோயிங் நோட், சிப்பாய்களில் உயரமானவர்களைப் பொறுக்கியெடுத்து, ஆக்ஸ்போர்டு செய்த அதே வேலையை வேறு சீருடையில் செய்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 11-ஆம் இடம் பிடித்த அர்ஜுன் லால் ஜாட், அர்விந்த் சிங், பாரிஸுக்குப் போன பல்ராஜ் பன்வார் எல்லோரும் ராணுவத்தார்தான். இதற்காக ராணுவத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரே வாசல் இருந்தால் அதற்கு வெளியே நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோயிங்கில் இந்தியா ஐந்து பதக்கம் வென்றது. ஐந்தும் ஆண்களுடையவை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் முதல்முதலாக மோதியது 1927-இல். நம் நாட்டில் ஒரு பெண் துடுப்பு பிடிக்க வேண்டுமானால் அவளுக்கு இயல்பான வாசல் கல்லூரிதான். அந்த வாசல் இன்னும் சரியாகத் திறக்கப்படவில்லை.

சென்னையில் 1867-இலேயே மெட்ராஸ் போட் கிளப் வந்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் பத்து வயதுதான் வித்தியாசம். ஆனால் கிளப் நெடுங்காலம் ஐரோப்பியர்களின் கிளப்பாகவே இருந்தது. கொழும்போடும் கல்கத்தாவோடும் போட்டி போட்டது. பல்கலைக்கழகம் அதன் பாட்டுக்குத் தேர்வு நடத்தியது. இரண்டும் அப்போதே கைகோத்திருந்தால் தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் கூடியிருக்கும்.

மதுரைப் பல்கலைக்கழகம் (இன்றைய மதுரை காமராஜர் பல்கலைக்கழகம்) 1966-இல் தொடங்கியது. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். அந்த நாளில் அதன் எல்லை ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி வரை நீண்டது. பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, தாமிரபரணி, வைகை எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்! கட்டுமரத்தில் தண்டு வலித்து வளர்ந்த பிள்ளைகள் அதன் கல்லூரிகளில் படித்தார்கள். நீர் விளையாட்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாளமாக வளரவில்லை. பிறகு அழகப்பா பல்கலைக்கழகமும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வந்தன. கடற்கரை கைமாறியது. இந்த இழப்பு எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் கால்நூற்றாண்டு வாய்ப்பு கையில் இருந்தது.

இப்போது தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். சர்வதேச ரோயிங் தடம் 2000 மீட்டர் நேர்கோடு. குறைந்தது ஆறு பாதை, ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் அகலம், சீரான ஆழம், ஓட்டமில்லாத நீர். எட்டுப் பேர் படகின் நீளமே சுமார் 18 மீட்டர். வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் 300 மீட்டர் சொச்சம். நடுவில் மைய மண்டபம். ரோயிங்குக்கு அது போதாது. அது சாமிக்குரிய குளம், அப்படியே இருக்கட்டும். மாடக்குளம் கண்மாய் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கடல்போல விரியும், கோடையில் சுருங்கும். பாசனக் கண்மாயில் நிரந்தரத் தடம் கட்ட நினைப்பது விவசாயிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை புதியவர்களுக்கு இருக்கை பழக, துடுப்புப் பிடி பழக அது போதும்.

மிச்சமிருப்பது வைகை அணை. நாகமலை புதுக்கோட்டையில் தேனி சாலையில் ஏறினால் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி தாண்டி வந்துவிடும். 1959-இல் திறந்த அணை, முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் ஏறி இறங்கும் என்பது குறைதான். ஆனால் நீர் நன்றாக இருக்கும் மாதங்களில் முகாம் நடத்தத் தடையில்லை. மதுரைக்குக் குடிநீர் தரும் இடம் அது, அதனால் மீட்புப் படகில் டீசல் இயந்திரம் கூடாது. மின் மோட்டார் வேண்டும். பாதுகாப்பை இங்கே ஒதுக்கிவிட முடியாது. 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவரில் பயிற்சியின்போது புயல்காற்று அடித்து இரண்டு பள்ளி மாணவர்கள் இறந்துபோனார்கள். நீச்சல் தெரியாதவர் படகில் ஏறக்கூடாது, மீட்புப் படகு இல்லாமல் அணி தண்ணீரில் இறங்கக்கூடாது. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கின் நீச்சல் குளத்தில்தான் முதல் தேர்வு நடக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது, நம் பயிற்சியாளர்கள் அதைக் கவனிக்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கோடு எடை குறைந்தோர் பிரிவு முடிந்தது. ஆண்களில் 72.5 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கான அந்தப் பிரிவில்தான் அர்ஜுன் லாலும் அர்விந்தும் டோக்கியோவில் 11-ஆம் இடம் பிடித்தார்கள். நம் உடல்வாகுக்குப் பொருந்திய கதவு அது. அதற்குப் பதிலாக 2028 லாஸ் ஏஞ்சலஸில் பீச் ஸ்பிரின்ட் வருகிறது. மணலில் ஓடிப் படகில் ஏறி, மிதவைகளை வளைந்து கடந்து 250 மீட்டர் போய்த் திரும்பி, குதித்திறங்கி மீண்டும் மணலில் ஓடி மணியை அழுத்த வேண்டும். இரண்டாயிரம் மீட்டர் நேர்த்தடம் தேவையில்லை. அலையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அனுகூலம். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டியில் கடலோர வளாகமே இருக்கிறது. ராமநாதபுரத்தின் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. காமராஜர் பல்கலைக்கழகமும் அழகப்பா பல்கலைக்கழகமும் கூட்டாக ஓர் அணியை உருவாக்கினால், உடல்பயிற்சி இங்கே, கடல்பயிற்சி அங்கே என்று பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்க வேண்டியது படகு இல்லை, எர்கோமீட்டர். தரையில் நிற்கும் இந்தத் துடுப்பு இயந்திரத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. உலகத்தின் தேசிய அணிகள் பலவும் இதில் 2000 மீட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் ஆளெடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018-இல் 5 நிமிடம் 35.8 வினாடியில் முடித்தபோது அதுவே உலக உச்சம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் நான்கு இயந்திரம், ஒரு பயிற்சியாளர், ஒரு பருவம். யாருக்கு அந்த நுரையீரல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் 2023-இல் கோரக்பூரின் ராம்கர் தால் ஏரியில் ரோயிங் நடந்தது. போய் நிற்க மேடை இருக்கிறது.

ஆளை எங்கே தேடுவது? உசிலம்பட்டி, செக்கானூரணி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கல்லூரிக் கைப்பந்து அணிகளில் ஐந்தடி எட்டங்குலத்துக்குமேல் உயரமான பெண்கள் இருக்கிறார்கள். கபடி அணியில் மூச்சுப் பிடித்துப் பழகிய பையன்கள் இருக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூனிலேயே, முதலாண்டு சேர்க்கையின்போது, அவர்களுக்கு எர்கோமீட்டர் தேர்வு வைக்கலாம். கண்மாய் நிறையும் நவம்பருக்கு முன்னால் நீச்சலும் முடிந்துவிடும்.