காலக்கெடுவும் மௌனமும்: தகவலுக்கான உரிமைச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

உரிமையொன்றை வழங்கும் சட்டத்தை மதிப்பிடுவோர், அவ்வுரிமை மீறப்படும்போது அச்சட்டம் யாது செய்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

2015இல் பத்தொன்பதாவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் இடம்பெற்ற இவ்வுரிமை, 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுள் தகவல் அலுவலர் தீர்மானம் எடுத்தல் வேண்டும்; வழங்குவதெனத் தீர்மானிப்பின் மேலும் 14 நாட்களுள் தகவலை அளித்தல் வேண்டும். ஆவணங்கள் மிகுதியாயின் 21 நாட்கள் வரை நீடிக்கலாம். குடிமகனின் உயிரும் தனிமனித சுதந்திரமும் பற்றிய வினாவாயின் 48 மணித்தியாலங்களே எல்லை. காலக்கெடு தவறுதல் மேன்முறையீட்டுக்குரிய காரணமாகவும் ஏற்கப்பட்டுள்ளது. எழுத்தளவில் இவை செம்மையானவையே.

ஆயின், விடை வாராதவிடத்து மேன்முறையீடு செய்து மூன்று வாரமும், பின்னர் ஆணைக்குழுவை நாடி 30 நாட்களும் காத்திருக்க வேண்டியவர் விண்ணப்பதாரரே. மௌனம் சாதித்த அலுவலர் அதனால் உடனடியாக இழப்பது யாதுமில்லை. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம், தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாவாக 25,000 ரூபா வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. இலங்கைச் சட்டமோ ஒழுக்காற்று நடவடிக்கை, நீதவான் நீதிமன்ற வழக்கு என்னும் நெடுவழிகளையே காட்டுகின்றது. தாமதித்த நாளுக்கு அது விலை குறிக்கவில்லை.

இக்குறைபாடு யாழ்ப்பாணத்தில் பாரதூரமானது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயி, உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட தன் காணியின் நிலையை வினவும்போது, அவ்வினாவுக்குப் பின்னால் பல பயிர்ப்போகங்களின் இழப்பு உண்டு. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் வினா 48 மணித்தியால விதியுள் அடங்காதெனின், அவ்விதி யாருக்காக இயற்றப்பட்டது?

போரில் ஆவணங்கள் அழிந்தமையும் ஆளணி போதாமையும் அலுவலகங்கள் கூறக்கூடிய நியாயங்களே. எனினும், ஆவணம் இல்லையென எழுத்தில் கூறுவதும் ஒரு விடையாகும். அதனைப் பெற்றவர் வேறிடத்தில் தேடவோ, முறையிடவோ இயலும். மௌனம் அவ்வழிகளையும் அடைத்துவிடுகின்றது. ஆதலின், நாள்வீதத் தண்டத்தைச் சட்டத்துள் புகுத்துதலும், உயிர் பற்றிய விதியின் எல்லையைத் தெளிவாக வரையறுத்தலும் இன்றியமையாதன. அவை நிறைவேறுமளவும் இக்காலக்கெடுக்கள் அலுவலரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கும்.