கறுப்பு வெள்ளி: பெயர் வைத்தவர்களும் அழித்து எழுதியவர்களும்

1

கறுப்பு வெள்ளி என்ற பெயருக்கான விளக்கம் பலரும் கேள்விப்பட்டதுதான். அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழன் நன்றி நவிலல் நாள். மறுநாள் வெள்ளியன்று கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கிறது. ஆண்டு முழுக்கச் சிவப்பு மையில் நட்டக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கடைக்காரர் அன்றுதான் கறுப்பு மைக்கு மாறி லாபம் எழுதத் தொடங்குகிறார், ஆகவே கறுப்பு வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விளக்கம் 1980களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பெயர் அதைவிட முப்பது ஆண்டு மூத்தது.

நமக்குக் கிடைக்கும் பழைய அச்சுத் தடயங்களில் ஒன்று 1951இல் ஒரு தொழிற்சாலை நிர்வாக இதழில் வெளிவந்த கட்டுரை. வியாழன் விடுமுறை. சனி, ஞாயிறும் விடுமுறை. நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளியன்று தொழிலாளர்கள் உடம்பு சரியில்லை என்று சொல்லி மட்டம் போட்டுவிடுகிறார்கள். இதைக் கொள்ளை நோயோடு ஒப்பிட்டு அலுத்துக்கொள்கிறது கட்டுரை. அந்த நாளை ஊதிய விடுமுறையாகவே கொடுத்துப் பேரப்பேச்சில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது முதலாளிகளுக்கு அது சொல்லும் யோசனை.

அடுத்த தடயம் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் போக்குவரத்துப் போலீசாரிடம் இருக்கிறது. வெள்ளியன்று கடைக்கூட்டம், சனியன்று இராணுவமும் கடற்படையும் மோதும் கால்பந்துப் போட்டி. நகரம் திணறும். போலீசாருக்கு விடுப்பு கிடையாது, பணிநேரமும் நீளும். அவர்களும் பேருந்து ஓட்டுநர்களும் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்று சபித்தார்கள். இந்தப் பெயர் வியாபாரத்துக்கு ஆகாது என்று கடைக்காரர்கள் பதறினார்கள். 1961இல் அதைப் 'பிக் ஃப்ரைடே' என்று மாற்றிப் பார்த்தார்கள். தமிழில் சொன்னால் பெரிய வெள்ளி. நமக்குச் சிலுவைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் எடுபடவில்லை.

இந்த இரண்டு பயன்பாடுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது, வேலைக்கு வராமல் போன உடல்களைப் பற்றிய முதலாளியின் புலம்பல். இரண்டாவது, வராமலிருக்க முடியாத உடல்களின் புலம்பல். இரண்டிலும் பேசுபொருள் உழைப்புதான். மூன்றாவதாக வந்த கணக்குப் பேரேட்டு விளக்கத்தில் மனிதர் யாரும் இல்லை, மை மட்டும் இருக்கிறது. பெயரை மாற்ற முடியாதவர்கள் அர்த்தத்தை மாற்றினார்கள். 'சொல்லாய்வு, சுவாரசியமாக இருக்கு, அதுக்கென்ன?' என்று தோழர்கள் கேட்கலாம். பண்டத்துக்குள் புதைந்துகிடக்கும் மனித உறவுகள் பண்டங்களுக்கு இடையேயான உறவுகளாகத் தோற்றம் கொள்கின்றன என்று 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் சொல்கிறார் அல்லவா, அதே காரியம் இங்கே ஒரு சொல்லுக்குள் நடந்திருக்கிறது. அதுதான் விஷயம்.

2

அழித்து எழுதும் வேலை கதைகளிலும் நடந்திருக்கிறது. நியூயார்க்கின் மேசிஸ் அங்காடி 1924 முதல் நன்றி நவிலல் நாளன்று ஊர்வலம் நடத்துகிறது. 1947இல் வந்த 'மிராக்கிள் ஆன் தேர்ட்டி ஃபோர்த் ஸ்ட்ரீட்' என்ற திரைப்படம் அந்த ஊர்வலத்தில்தான் தொடங்குகிறது. மேசிஸில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடும் கிழவர், தான் நிஜமாகவே கிறிஸ்துமஸ் தாத்தா என்கிறார். கடையில் இல்லாத பொம்மைக்குப் போட்டிக் கடையின் முகவரியைக் கொடுத்து அனுப்புகிறார். அந்த நேர்மையே மேசிஸுக்கு விளம்பரமாகி வியாபாரம் பெருகுகிறது. வியாபாரத்தின் ஆகக் கெட்டியான கனவு இது: விற்பவருக்கு விற்பனை தெரியாது, அன்பு மட்டுமே தெரியும். அவர் சம்பளம் வாங்குகிறார் என்பதே பார்ப்பவர்களுக்கு மறந்துபோகிறது.

45 ஆண்டு கழித்து, 1992 டிசம்பரில், அதே மேசிஸைப் பற்றி வேறொரு பிரதி வானொலியில் ஒலிபரப்பானது: டேவிட் செடாரிஸ் எழுதி வாசித்த 'சாண்டாலேண்ட் டைரீஸ்'. கிறிஸ்துமஸ் தாத்தாவின் குட்டி உதவியாளாகப் பச்சை வெல்வெட் உடுப்பு மாட்டிக்கொண்டு அங்கே கூலிக்கு நின்ற அனுபவம். தாத்தா வேடம் இங்கே ஷிப்டு வேலை. உற்சாகம் என்பது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கப்படுவது. பிள்ளையை உலுக்கிச் சிரிக்கவைத்துப் புகைப்படம் எடுக்கும் பெற்றோர் வரிசை வரிசையாக வருகிறார்கள். செடாரிஸ் புரட்சியாளர் இல்லை. கிண்டல் செய்கிறார், அவ்வளவுதான். ஆனால் 1947இன் படம் மூடி வைத்ததை இந்தக் கிண்டல் திறந்துவிடுகிறது. விற்கிறவன் களைத்திருக்கிறான், அவன் சிரிப்பு கூலிக்குச் செய்யப்படும் வேலை.

இந்தச் சிரிப்புக்குச் சமூகவியலில் ஒரு பெயர் உண்டு. ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூலில் அதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். அவர் தந்தது கோட்பாட்டுச் சொல். கடைத் தொழிலாளர்கள் தாமாகவே உண்டாக்கிய சொற்களும் இருக்கின்றன. இரவு கடையைச் சாத்திவிட்டுப் போன அதே ஆள் விடியுமுன் வந்து கடையைத் திறக்க வேண்டியிருப்பதைக் 'குளோப்பனிங்' என்கிறார்கள்: சாத்தலையும் திறத்தலையும் ஒட்டவைத்த சொல். நடுவில் நியாயமாக இருந்திருக்க வேண்டிய தூக்கம் அந்தச் சொல்லிலும் இல்லை. ஃபிலடெல்ஃபியா போலீஸ்காரரின் கறுப்பு வெள்ளியைப் போல இதுவும் உடம்பிலிருந்து பிறந்த சொல்.

3

2008 நவம்பர் 28, வெள்ளி. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரின் வால்மார்ட் கடை. விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும். வெளியே ஏறத்தாழ 2,000 பேர், பலர் இரவெல்லாம் நின்றவர்கள். 798 டாலருக்கு 50 அங்குலத் தொலைக்காட்சி, 28 டாலருக்குத் தூசி உறிஞ்சும் கருவி என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இப்படி அடிமாட்டு விலைக்கு அறிவிக்கும் சரக்குக்கு அந்த வியாபாரத்தில் 'டோர்பஸ்டர்' என்று பெயர், அதாவது கதவை உடைப்பது. அன்று கதவு உண்மையிலேயே உடைந்தது. வாசலில் நின்ற 34 வயதுத் தற்காலிகத் தொழிலாளி ஒருவர் கீழே விழுந்து, மிதிபட்டு, மூச்சுத் திணறி இறந்தார். ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்றின் மூலம் பண்டிகைக் காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர் அவர். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் வாசலில் நிறுத்தப்பட்டதாகச் செய்திகள் கூறின. கூட்டத்தைக் கையாளும் பயிற்சி அவருக்குக் கிடையாது. கடையைச் சில மணி நேரம் மூடிவிட்டு அன்று பகலிலேயே மீண்டும் திறந்தார்கள்.

மறுநாள் பத்திரிகைகளின் சொல்லாடலை நினைத்துப் பாருங்கள். 'மிருகங்கள்', 'வெறிக்கூட்டம்', 'பேராசை'. குற்றவாளியைச் சொற்களே அடையாளம் காட்டிவிட்டன. தொலைக்காட்சி வாங்க வந்த ஏழை பாழைகள், உழைத்துப் பிழைக்கிறவர்கள், கறுப்பினத்தவர், புலம்பெயர்ந்தோர்தான் குற்றவாளிகள். லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து இரண்டு மாதம் கழித்து நடந்தது இது. நாடு 2007 டிசம்பரிலிருந்தே பொருளாதார மந்தத்தில் இருந்தது என்ற அறிவிப்பு இந்தச் சாவுக்கு மூன்று நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று வந்தது.

அரசின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷா இதை வேறு விதமாக வாசித்தது. கூட்டத்தை முறைப்படுத்த நியாயமான ஏற்பாடு எதையும் செய்யாமல் தொழிலாளர்களை ஆபத்தில் நிறுத்தியது நிர்வாகத்தின் குற்றம் என்று 2009இல் சொன்னது. அபராதம் 7,000 டாலர். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 37,000 கோடி டாலருக்கு மேல் விற்ற நிறுவனம் இந்தத் தொகையைக் கட்ட மறுத்து வழக்காடியது. எதிர்வழக்குக்காக 2010க்குள் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் 4,700 மணி நேரத்துக்கு மேல் செலவிட்டிருந்தார்கள். நிறுவனம் செலவழித்தது இருபது லட்சம் டாலருக்குக் குறையாது என்று மதிப்பிடப்பட்டது. 2011இல் நீதிபதி அபராதத்தை உறுதி செய்தார். அதற்கும் மேல்முறையீடு. 2015இல்தான் நிறுவனம் வழக்கைக் கைவிட்டது.

7,000 டாலருக்காகவா இவ்வளவு? இல்லை. ஒரு வாக்கியத்துக்காக. 'கூட்டம் என்பது முதலாளி முன்கூட்டியே அறியக்கூடிய, தடுக்கக்கூடிய பணியிட ஆபத்து' என்ற வாக்கியம் சட்டத்தில் ஏறிவிடக் கூடாது. அது ஏறிவிட்டால் கூட்டம் இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்ப முடியாது. சில டஜன் தொலைக்காட்சிக்கு ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துவிட்டு 'ஜனங்க காட்டுமிராண்டிங்க' என்று கைகழுவ முடியாது.

4

கூட்டத்தை மிருகமாக எழுதுவதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1895இல் குஸ்தாவ் லெ போன் அதற்குச் சாஸ்திர அந்தஸ்து கொடுத்தார்: கூட்டத்தில் சேர்ந்தவன் நாகரிகப் படியிலிருந்து இறங்கிவிடுகிறான். இதற்கு எதிரான மரபும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களைப் பற்றி 1971இல் எழுதிய இ. பி. தாம்சன், பசித்த கூட்டம் வயிற்றின் அனிச்சைச் செயல் அல்ல, நியாய விலை பற்றிய ஒரு அறவுணர்வு அதற்குள் இருந்தது என்று காட்டினார். கறுப்பு வெள்ளிக் கூட்டத்தை அந்தக் கலகக்காரர்களோடு சமப்படுத்த வேண்டாம். ரொட்டி வேறு, தொலைக்காட்சி வேறு. ஆனால் நெரிசல் சாவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்லும் உண்மை ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. நூறு பேர் அரை அடி நகர்ந்தால் முன்னால் இருப்பவரின் விலா எலும்பு தாங்காது. அங்கே கொல்வது வெறி அல்ல, அடர்த்தி. அந்த அடர்த்தியை உண்டாக்கியது நேரம் குறித்த கதவும், எண்ணிக்கை குறைத்த சரக்கும்.

நமது பக்கத்து எழுத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நுகர்வு வெறி' என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகக் கையாள்கிறோம்! தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடித்துக்கொள்ளும் அமெரிக்கர்களின் படத்தைக் காட்டி, முதலாளியத்தின் சீரழிவைப் பாரீர் என்று எழுதுகிறோம். அந்தக் கணத்தில் நாமும் லெ போனின் பக்கத்தில் போய் நிற்கிறோம். வெறி என்ற சொல், செயலின் காரணத்தை அந்த ஆளின் ரத்தத்துக்குள் வைத்துவிடுகிறது. விலையை யார் வைத்தார், நேரத்தை யார் குறித்தார், வாசலில் யாரை நிறுத்தினார் என்ற கேள்விகள் உதிர்ந்துபோகின்றன. தள்ளுபடிக்குக் காத்திராமல் நினைத்த நாளில் நினைத்த விலைக்கு வாங்க வசதி உள்ளவர்கள் அந்தப் படத்தில் இருப்பதே இல்லை. அவர்களின் நுகர்வு 'ரசனை' ஆகிவிடுகிறது, வரிசையில் நிற்பவரின் நுகர்வு மட்டும் 'வெறி' ஆகிவிடுகிறது. இது அறச்சீற்றம் மாதிரி இருக்கும் வர்க்க அருவருப்பு. அந்த அலமாரிகளுக்குத் திருப்பூரில் தைத்த பின்னலாடைகளும் போய்ச் சேர்கின்றன. அங்கே விலை இறங்கும்போது யார் கூலியில் இறங்குகிறது என்ற கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. வெறி என்று சொல்லி முடித்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

5

வெள்ளியோடும் இது நிற்கவில்லை. 1939இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதவில்லை என்று வணிகர்கள் முறையிட்டதால் அதிபர் ரூஸ்வெல்ட் நன்றி நவிலல் நாளையே ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். பாதி மாநிலங்கள் ஏற்க மறுத்துக் குழப்பமாகி, 1941இல் நான்காம் வியாழன் என்று சட்டம் வந்தது. 2011இல் டார்கெட் கடைகள் நள்ளிரவிலேயே திறந்தன. பகுதிநேர ஊழியர் ஒருவர் எதிர்த்துத் தொடங்கிய மனுவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2012இல் வால்மார்ட் வியாழன் இரவு எட்டு மணிக்கும் டார்கெட் ஒன்பது மணிக்கும் திறந்தன. அந்த வெள்ளியன்று வால்மார்ட் ஊழியர்கள் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்து கடை வாசல்களில் நின்றார்கள். 1951இல் ஆளாளுக்கு ரகசியமாகப் போட்ட மட்டம், 2012இல் கூட்டாக, பகிரங்கமாக நடந்தது என்று இதை வாசிக்கலாம்.

தனியார் முதலாளி பண்டிகை நாளுக்கு விடுப்போ கூடுதல் கூலியோ தர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், மெய்ன் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் பெரிய கடைகள் அந்த வியாழனன்று திறக்க முடியாது. பழைய பியூரிட்டன் ஓய்வுநாள் கட்டுப்பாடுகளின் எச்சம் இது. மதம் போட்ட பூட்டு தொழிலாளிக்கு ஒரு நாள் தூக்கம் கொடுத்திருக்கிறது. இந்த முரணை முற்போக்காளர்கள் கொஞ்சம் மென்று பார்க்க வேண்டும்.

2020இல் கொரோனா வந்தபோது பெரிய கடைகள் வியாழனன்று மூடின. வால்மார்ட், டார்கெட் இரண்டும் அதை அப்படியே தொடர்ந்தன. இதைக் கருணை என்று எழுதியவர்கள் உண்டு. அதற்குள் நெரிசல் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. 'சைபர் திங்கள்' என்ற பெயரைச் சில்லறை வணிகர் சங்கமே 2005இல் உண்டாக்கியது. இந்த முறை போலீஸ்காரர்கள் பெயர் வைக்கும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இப்போது ஓட்டம் பண்டகசாலைகளுக்குள் நடக்கிறது, அங்கே வாடிக்கையாளர் கண் எட்டாது. 2020 முதல் ஒவ்வொரு கறுப்பு வெள்ளியன்றும் 'மேக் அமேசான் பே' என்ற முழக்கத்தோடு பல நாடுகளில் தொழிலாளர்கள் போராடுகிறார்கள்.

கதவு உடையாததால் படம் பிடிக்க ஒன்றுமில்லை. வெறிக்கூட்டம் என்று எழுதவும் யாருமில்லை. கூட்டத்தைத் திட்டுவதையே விமர்சனம் என்று பழகிக்கொண்டவர்களுக்கு இனி பேச்சு வராது. கறுப்பு வெள்ளியைப் பற்றி எழுத நினைப்பவர்கள் வரிசையில் நின்றவர் முகத்திலிருந்து தொடங்க வேண்டாம். உள்ளே சுவரில் ஒட்டியிருக்கும் ஷிப்டு அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். அந்த வெள்ளிக்கு அங்கிருந்துதான் பெயர் வந்தது.