விற்ற பின்னும் விடாத உரிமை

விலை கொடுத்து வாங்கியவனே பொருளின் உடைமையாளன் என்பது முதலாளித்துவம் நமக்குக் கற்பித்த பாலபாடம். அப்பாடத்தை அதே முதலாளித்துவம் எவ்வாறு திருத்தி எழுதிற்று என்பதற்கு அப்பிள் கம்பனியின் ஐபோன் தக்க சான்றாகும்.

2007ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அக்கைப்பேசியின் விலை 499 டொலரிலிருந்து தொடங்கிற்று. கம்பனியின் கணினிகளை இயக்கிய மென்பொருளின் வழிவந்ததே அதனையும் இயக்கியது. ஆயினும், வெளியார் எவரும் அதற்கெனச் செயலி எழுதி நிறுவுதற்கு அனுமதியில்லை. பழுதான செயலியொன்று தொலைபேசி வலையமைப்பையே நிலைகுலையச் செய்துவிடலாம் என ஸ்டீவ் ஜொப்ஸ் காரணங் கூறினார். இக்காரணத்தைச் சற்றே உரைத்துப் பார்த்தல் வேண்டும். பாம், விண்டோஸ் மொபைல் முதலிய கைப்பேசிகள் வெளியாரின் செயலிகளைத் தாங்கியவாறு அதே வலையமைப்புகளில் ஏலவே இயங்கி வந்தன. அவற்றால் வராத ஆபத்து இதனால் மட்டும் எங்ஙனம் வரும்?

செயலி எழுத விரும்பியோரை இணையப் பக்கங்களை ஆக்கிக்கொள்ளும்படி கம்பனி கூறிற்று. அப்பக்கங்களாற் கருவியின் கமராவைப் பயன்படுத்தவும் இயலாது. கம்பனியின் சொந்தச் செயலிகளுக்கோ அத்தடையில்லை. சில மாதங்களுக்குள்ளேயே ஆர்வலர்கள் பூட்டை உடைத்துத் தம் செயலிகளை ஏற்றினர். ஒக்டோபரிலே கம்பனி இறங்கி வந்தது. 2008 ஜூலையிற் செயலிக் கடை திறக்கப்பட்டது.

கடை திறந்தது உண்மை. ஆனால் வேறு கடைக்கு இடமில்லை. விற்பனையாகும் செயலியின் விலையில் 30 வீதம் கம்பனிக்குரியதாயிற்று. தனியொரு மாணவன் தன் ஆக்கத்தைப் பல நாடுகளில் விற்க அக்கடை வழிசெய்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தீய மென்பொருளிலிருந்து காப்பு வேண்டும் என்பதும் வெறும் சாக்கன்று. எனினும், காவல் எவ்விடத்தில் தணிக்கையாக மாறுகின்றது? மார்க் ஃபியோர் என்ற அமெரிக்க அரசியற் கேலிச்சித்திரக்காரரின் செயலி 2009 டிசெம்பரில் நிராகரிக்கப்பட்டது. பொதுவாழ்விலுள்ளோரை அது நகையாடுகின்றதாம்! நகையாடாத கேலிச்சித்திரம் எதற்கு? 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்து, பத்திரிகைகளும் குரலெழுப்பிய பின்னரே கம்பனி வழிவிட்டது. பரிசு பெறாத சித்திரக்காரர்களுக்காக எந்தப் பத்திரிகை குரலெழுப்பும்?

2024 மார்ச்சிலே ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் அங்கு வேறு கடைகளுக்கும் இடம் பெற்றுக்கொடுத்தது. அக்கடைகளில் விற்கப்படும் செயலிகளையும் முன்கூட்டியே பரிசீலித்து ஒப்பமிடும் உரிமையைக் கம்பனி அப்போதும் தன்னிடமே வைத்துக்கொண்டது.